‘கர்த்தருடைய வேளை’: வேலைக்குப் போகிறவர்களுக்கு நான்கு வாரப் பாடம், எதை எடுப்பது?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் கூடும் ஒரு வேதபாடக் குழுவுக்கு, பொறுமையும் கர்த்தருடைய வேளையும் என்ற தலைப்பில் நான்கு வாரப் பாடம் தயார் செய்யணும். சனிக்கிழமை கூலி வாங்கி, மளிகையை வீட்டில் வைத்துவிட்டு இரவு எட்டரைக்கு வருகிறவர்கள். ஒரு மணி நேரம்தான் கிடைக்கும். வரன் தேடி அலுத்த பெற்றோர், குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிகள், வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்டவர்கள், பங்காளித் தகராறில் கோர்ட்டுக்கு நடக்கிறவர்கள் எல்லோரும் உண்டு.

‘கர்த்தர் தம்முடைய வேளையில் செய்வார், காத்திருங்க’ என்பதை இவர்கள் கேட்காத நாளில்லை. அதற்கு மேல் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுக்கணும். எந்தப் பகுதிகளை எடுக்கலாம், வாரத்துக்கு என்ன வேலை கொடுக்கலாம், எங்கே பிசகும் என்று சொல்லுங்க. புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை (வேத வசனம் அச்சிட்டது)ப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டு வருகிறவர்களும் இருப்பாங்க. அதையும் மனசில் வைத்துச் சொல்லுங்க.

தாராபுரத்து வாத்தியார்:

தம்பி, முதல் வாரம் பிரசங்கம் வேண்டாம், கணக்குப் போடச் சொல்லுங்க. காத்திருத்தல் என்றால் நம் ஆட்கள் மனசில் மூணு மாசம், ஆறு மாசம்தான் ஓடுது. வேதத்தில் இருக்கிற வயதுகளை அவர்களே தேடி எடுத்துக் கழித்துப் பார்த்தால், அந்த அளவு தானாக மாறும்.

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75 (ஆதியாகமம் 12:4). ஈசாக்கு பிறந்தபோது 100 (21:5). நடுவில் 25 வருஷம். ஆனால் அதோடு நிறுத்தாதீங்க. கானானில் பத்து வருஷம் குடியிருந்த பிறகுதான் மனைவி சாராய் தன் அடிமைப்பெண் ஆகாரை அவனுக்குக் கொடுக்கிறாள் (16:3). இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 (16:16). அடுத்த வசனமே 99 வயதில் தொடங்குகிறது (17:1). அந்தப் பதிமூன்று வருஷத்தைப் பற்றி வேதம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. குழு அந்த இடைவெளியில் நிற்கணும். அவசரப்பட்டுச் செய்த காரியம் ‘பலித்தது’, பிள்ளை பிறந்தது, வீட்டில் சண்டையும் பிறந்தது. பலித்துவிட்டதாலேயே அது கர்த்தருடைய வழி என்று ஆகிவிடாது.

யோசேப்புக்குச் சொப்பனம் வந்தபோது 17 (37:2), பார்வோன் முன்னால் நின்றபோது 30 (41:46). பெரும்பாலும் பிரசங்கங்களில் இங்கேயே கதை முடிந்துவிடும். சொப்பனமோ அண்ணன்மார் வணங்குவதைப் பற்றியது. ஏழு வருஷம் விளைச்சல், அதன்மேல் இரண்டு வருஷம் பஞ்சம் கழிந்துதான் அவன் தன்னைத் தெரியப்படுத்துகிறான் (45:6). அப்போது வயது 39. ஆக 22 வருஷம்.

நெகேமியாவையும் விட்டுவிடாதீங்க. எருசலேம் அலங்கம் (மதில்) இடிந்து கிடக்கிறது என்ற செய்தியைக் கிஸ்லேவ் மாதத்தில் கேட்கிறான் (1:1), நிசான் மாதத்தில்தான் ராஜாவிடம் பேச வாய்ப்பு வருகிறது (2:1). ஏறக்குறைய நாலு மாசம். ராஜா ‘எத்தனை நாள் செல்லும்’ என்று கேட்டதும் காலத்தைக் குறிப்பிட்டுச் சொல்கிறான். எந்தெந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரம் எதற்கெல்லாம் வேண்டும், வனத்துக் காவலாளன் பெயர் ஆசாப் என்பது வரைக்கும் வாயில் தயாராக இருக்கிறது (2:6-8). அந்த நாலு மாசமும் உபவாசித்தான், ஜெபித்தான், விசாரித்துக்கொண்டும் இருந்திருக்கிறான். பிறகு அலங்கம் 52 நாளில் முடிந்தது (6:15). வேலைக்குப் போகிற ஆட்களுக்கு இந்தப் பகுதி நன்றாகப் பிடிபடும்.

கருமத்தம்பட்டி:

நான் கத்தோலிக்கன், அன்பியக் கூட்டங்களில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடுவது) இதே தலைப்பை எடுத்திருக்கிறோம். வாத்தியார் ஐயா சொன்ன கணக்கு சரிதான். ஆனால் கணக்கை மட்டும் வைத்தால், ‘ஆபிரகாமே 25 ஆண்டு காத்திருந்தார், உனக்கு என்ன?’ என்று அடுத்தவர் வாயை அடைக்கிற கருவியாக அது மாறிவிடும். அதனால் இரண்டாம் வாரம் திருப்பாடல் 13-ஐ எடுங்கள். ஆறே வசனங்கள்தான். முதல் இரண்டு வசனத்திலேயே ‘எதுவரைக்கும்’ என்ற கேள்வி நான்கு முறை ஆண்டவரிடம் நேருக்கு நேர் கேட்கப்படுகிறது. அடுத்த இரண்டில் ‘என்னைப் பாரும், பதில் தாரும்’ என்ற மன்றாட்டு. கடைசி இரண்டில் நம்பிக்கை. நிலைமை மாறியதாக அந்தப் பாடலில் எங்கும் இல்லை.

செய்முறை இது. ஆளுக்கு ஒரு தாள் கொடுங்கள். முதலில் கடவுளை அழைப்பது ஒரு வரி. அடுத்து முறையீடு, குறைந்தது மூன்று வரி, பூசி மெழுகாமல். பிறகு ஒரே ஒரு மன்றாட்டு. கடைசியில், இன்று உண்மையாகச் சொல்ல முடிந்த அளவுக்கு மட்டும் நம்பிக்கை வரி. பதினைந்து நிமிடம் போதும். வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். இங்கே பிசகுவது ஒன்றுதான்: எல்லோரும் முறையீட்டை ஒரே வரியில் முடித்துவிட்டு நம்பிக்கைக்குத் தாவிவிடுவார்கள். முணுமுணுத்தால் பாவம் என்று பயம். பாலைநிலத்தில் மக்கள் கடவுளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவருக்கொருவர் முணுமுணுத்தார்கள். திருப்பாடல் ஆசிரியர் கடவுளின் முகத்தைப் பார்த்து முறையிடுகிறார். இந்த வேறுபாட்டைச் சொல்லிவிட்டுத் தாளைக் கொடுங்கள்.

இன்னொன்று. இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் வகுத்த ஒரு விதி காத்திருப்பவர்களுக்கு மிகவும் பயன்படும்: மனம் வறண்டு, செபம் கசந்து, எல்லாம் இருட்டாகத் தெரிகிற வேளையில், முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. அந்த நேரத்தில் செபத்தைக் கொஞ்சம் கூட்டு, முடிவில் கை வைக்காதே. வேலையை விடுவது, நிச்சயித்த திருமணத்தை முறிப்பது, ஊரை விட்டுப் போவது போன்றவற்றுக்கு இந்த விதி. அடி, உதை, உயிருக்கு ஆபத்து உள்ள வீட்டில் இருப்பவருக்கு இதைச் சொல்லக் கூடாது. அவரை முதலில் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

கீழ்பவானி கடைமடை:

யாக்கோபு 5:7 இல்லாமல் இந்தப் பாடம் நடக்காதுங்க. ‘முன்மாரியும் பின்மாரியும் வருமளவும்’ பயிரிடுகிறவன் காத்திருக்கிறான் என்கிற வசனம். இஸ்ரவேல் நாட்டில் முன்மாரி, அதாவது முதல் மழை, நம்ம ஐப்பசி, கார்த்திகை வாக்கில் வந்து காய்ந்து கெட்டியான மண்ணை இளக்கும், உழுது விதைப்பாங்க. பின்மாரி பங்குனி வாக்கில், கதிர் பால் பிடிக்கிற சமயம். இரண்டில் எது தவறினாலும் களத்துக்கு ஒன்றும் வராது. அந்த இரண்டு மழைக்கும் நடுவில் உழவன் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை.

நம்ம பக்கத்து ஆட்களுக்குக் கீழ்பவானி வாய்க்காலை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். பாசனம் 2,07,000 ஏக்கர், ஆனால் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தண்ணி கிடையாது. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பாதிப் பாதி, 1,03,500 ஏக்கர். ஒரு பாதிக்கு ஆகஸ்ட் 15 வாக்கில் நெல்லுக்குத் திறந்தால், மறுபாதிக்குத் தை மாசத்துக்கு மேலே கடலை, எள்ளு மாதிரி புன்செய்க்கு. அடுத்த வருஷம் முறை மாறும். பக்கத்து மதகில் தண்ணி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நம்ம முறைக்கு இருக்கணும். அதுவும் வாய்க்கால் 200 கிலோமீட்டர் நீளம். அணையில் திறந்த அன்னைக்கே கடைமடைக்கு வந்துவிடாது. அந்த நாட்களில் விவசாயி வரப்பு வெட்டுவான், கொப்பு வாய்க்காலில் முள்ளும் மண்ணும் எடுப்பான், விதை நெல்லைப் பார்த்து வைப்பான். மதகின் ஷட்டரைத் தானாகத் தூக்க மாட்டான். தண்ணி வந்து சேர்ந்தப்போ வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் யாரைக் குறை சொல்வது? காத்திருக்கிறவனுக்கு எது நம்ம கையில், எது நம்ம கையில் இல்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரியணும். அதைத்தான் யாக்கோபு உழவனைக் காட்டிச் சொல்கிறார் என்பது என் எண்ணம்.

அடுத்து, தயவுசெய்து 7ஆம் வசனத்தை மட்டும் பிய்த்து எடுக்காதீங்க. அதே அதிகாரம் 4ஆம் வசனம், வயலை அறுத்த வேலைக்காரருடைய கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டவர்களைப் பற்றியது. அந்தக் கூலி கூக்குரலிடுகிறதாம். பிடித்து வைத்தவனைக் கண்டித்து முடித்த பிறகுதான் பாடுபடுகிற சகோதரரிடம் பொறுமையைப் பேசுகிறார். கூலியைக் கொடுக்க வேண்டியவரே ‘பொறுமையா இருங்க, கர்த்தர் பார்த்துக்குவார்’ என்று சொல்வதற்கு இந்த வசனத்தில் இடமே இல்லைங்க. உபாகமம் 24:15 அன்றன்றைக்குப் பொழுது போகுமுன்னே கொடு என்கிறது. இன்றைய சட்டத்திலும் மாதச் சம்பளத்துக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதி என்று கெடு இருக்கு. திருப்பூரில் நடத்தும் பாடம் என்பதால் இதைச் சொல்லியே ஆகணும்.

நொய்யல்கரை:

அண்ணா, கூலியைப் பற்றிய இந்தச் சேர்க்கை இதுவரை கண்ணில் படவே இல்லை. நன்றிங்க.

வாத்தியார் ஐயாவிடம் ஒரு கேள்வி. யோசேப்பு தன்னோடு சிறையில் இருந்த பார்வோனுடைய பானபாத்திரக்காரனிடம் ‘என்னை நினைத்துக்கொள்’ என்று கேட்டது விசுவாசக் குறைவு, அதனால்தான் இன்னும் இரண்டு வருஷம் சிறையில் கிடந்தான் என்று ஒரு விளக்கம் இங்கே பரவலாக இருக்கு. குழுவில் கட்டாயம் யாராவது எழுப்புவாங்க. சிபாரிசு கேட்பது தப்பா?

தாராபுரத்து வாத்தியார்:

வசனம் அப்படிச் சொல்லவில்லை தம்பி. 40:14-இல் அவன் கேட்கிறான். 40:23-இல் பானபாத்திரக்காரன் மறந்துபோகிறான். தப்பு மறந்தவன் பேரில் எழுதப்பட்டிருக்கிறது. கேட்டதற்காகக் கர்த்தர் தண்டித்தார் என்று எந்த இடத்திலும் இல்லை. கடைசியில் யோசேப்பு வெளியே வந்தது எந்த வழியில்? அதே ஆள் 41:9-இல் வாயைத் திறந்ததால். இரண்டு வருஷத்துக்கு முன்பே அவன் பேசியிருந்தால் யோசேப்பு விடுதலையாகி ஊருக்குப் போயிருப்பான், பார்வோனுக்குச் சொப்பனம் வந்த காலையில் அங்கே இருந்திருக்க மாட்டான். இது என் ஊகம்தான், ஆனால் கதை அந்த வழியைத்தான் காட்டுகிறது.

பவுலையும் சேர்த்துக்கொள்ளுங்க. செசரியாவில் இரண்டு வருஷம் காவலில் கிடந்தார் (அப்போஸ்தலர் 24:27). ரோம அதிபதி பேலிக்ஸ் பணத்தை எதிர்பார்த்து அடிக்கடி கூப்பிட்டுப் பேசினான் என்று அதற்கு முந்தின வசனத்தில் இருக்கு. பவுல் லஞ்சம் கொடுத்ததாக இல்லை. ஆனால் அவனுக்குப் பின் வந்த அதிபதி பெஸ்து எருசலேமுக்கு அனுப்பப் பார்த்தபோது, ‘இராயனுக்கு அபயமிடுகிறேன்’ (ரோமப் பேரரசனிடம் முறையிடுகிறேன்) என்று ரோமக் குடிமகனுக்குள்ள உரிமையை எடுத்து வைத்தார் (25:11). குறுக்கு வழி வேறு, உள்ள வழியைப் பயன்படுத்துவது வேறு. குழுவுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்க.

கோபி சபை ஊழியன்:

தேதி வைத்துச் சொல்லும் தீர்க்கதரிசனத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பெந்தெகொஸ்தே சபைக்காரன், வரங்களை நம்புகிறவன். அதனாலேயே இதைச் சொல்ல வேண்டிய பொறுப்பு இருக்குங்க. ‘வருகிற ஆனி மாசத்துக்குள் உன் கையில் பிள்ளை’ என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போகிறவர் அடுத்த வருஷம் வேறு ஊரில் இருப்பார். அந்தத் தாய் அதே தெருவில் இருப்பாள்.

எரேமியா 28-ஐ எடுங்க. அனனியா என்ற தீர்க்கதரிசி, பாபிலோன் ராஜா கொண்டுபோனதெல்லாம் இரண்டு வருஷத்தில் திரும்பி வரும் என்று ஆலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறான். எரேமியா உடனே எதிர்த்துக் கத்தவில்லை. ‘ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக’ என்கிறான் (28:6), நடந்தால் நல்லதுதானே என்று. எரேமியா கழுத்தில் அடையாளமாகப் போட்டிருந்த நுகத்தை அனனியா உடைத்தபோதும் எரேமியா தன் வழியே போகிறான் (28:11). கர்த்தருடைய வார்த்தை வந்த பிறகுதான் திரும்ப வந்து பேசுகிறான். ஐந்தாம் மாதம் சொன்ன அனனியா அதே வருஷம் ஏழாம் மாதம் செத்தான் (28:1, 17).

அடுத்த அதிகாரத்தில்தான் நம் வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் வரும் 29:11 (‘சமாதானத்துக்கேதுவான நினைவுகள்’) இருக்கு. அதற்கு முந்தின வசனத்தில், பாபிலோனில் சிறையிருப்பு எழுபது வருஷம் என்று இருக்கு. அதற்கும் முன்னால் 5, 6ஆம் வசனங்கள்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், ஜனம் பெருகட்டும். ‘சீக்கிரம் போய்விடுவோம்’ என்று மூட்டையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்காராதே என்று பொருள். அட்டையை எடுத்தவர்களிடம் பிடுங்க வேண்டியதில்லை. அந்த வசனம் இருக்கும் அதிகாரம் முழுவதையும் அந்த வாரம் வாசிக்கச் சொல்லுங்க. யாருக்குச் சொல்லப்பட்டது, எந்தச் சூழலில், அதில் நிபந்தனை உண்டா, எல்லோருக்கும் பொதுவா, இந்த நாலு கேள்விக்குப் பதில் எழுதி வரச் சொல்லுங்க.

யாராவது குழுவில் தேதி சொன்னால்: எழுதி வைத்துக்கொள்ளுங்க, சொன்னவர் பெயரையும். மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்று 1 கொரிந்தியர் 14:29 இருக்கு, ஆகவே இரண்டு மூப்பர்களிடம் கொண்டுபோங்க. அதை நம்பி நகையை அடகு வைப்பது, வேலையை விடுவது, சிகிச்சையை நிறுத்துவது எதுவும் செய்ய விடாதீங்க.

ஊத்துக்குளி நர்ஸ்:

குழந்தைக்காகக் காத்திருக்கிற தம்பதிகளுக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் சபைகளில் இவர்களுக்குத்தான் தவறான ஆலோசனை அதிகம் கிடைக்குது.

பெண்ணுக்கு வயது 35-க்குக் கீழ் என்றால், ஒரு வருஷம் முயன்றும் தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்கணும். 35-க்கு மேல் என்றால் ஆறு மாசம். மாதவிலக்கு ஒழுங்கில்லை, ஏற்கெனவே தைராய்டு இருக்கு என்றால் அதுவரைக்கும்கூடப் பொறுக்க வேண்டாம். முதல் நாளே இரண்டு பேரும் சேர்ந்து போகணும். ஆணுக்கான விந்துப் பரிசோதனை செலவு குறைவு, ஊசி கிடையாது, இரண்டிலிருந்து ஏழு நாள் சேராமல் இருந்துவிட்டுக் கொடுத்தால் போதும். அதைச் செய்யாமல் பெண்ணுக்கு வரிசையாக ஸ்கேனும் ஊசியும் போட்டு வருஷத்தைக் கடத்துகிற வீடுகள் இருக்கு. ஒரு தடவை எண்ணிக்கை குறைவாக வந்தால் முடிவு கட்ட வேண்டாம், மறுபடி பார்க்கச் சொல்வாங்க. புதிதாக உற்பத்தியாகி முதிர ஏறக்குறைய மூணு மாசம் ஆகும்.

உபவாசம் பற்றி. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் 21 நாள் உபவாச ஜெபத்தில் டாக்டரைக் கேட்காமல் சேரக் கூடாது, சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கிவிடுவாங்க. காசநோய் மாத்திரையை நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து. சுகம் கிடைத்தது என்று நம்புகிறவர்கள் பரிசோதனையில் காட்டி, டாக்டர் சொன்ன பிறகு குறைக்கட்டும். குஷ்டரோகியைச் சுகமாக்கின இயேசுவே ‘ஆசாரியனுக்குக் காண்பி’ என்றுதான் அனுப்பினார்.

ஈசாக்கைப் பற்றியும் சொல்லுங்க. 40 வயதில் கல்யாணம், 60 வயதில் இரட்டைப் பிள்ளைகள் (ஆதியாகமம் 25:20, 26). மனைவிக்காகப் புருஷன் ஜெபித்தான் என்று எழுதியிருக்கு (25:21). நம்ம ஊரில் உபவாசத்துக்கு மருமகளை மட்டும் அனுப்புகிறார்கள்.

அந்தியூர்:

நர்ஸ் அக்கா, கோபித்துக்கொள்ளாதீங்க. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஆஸ்பத்திரி, வக்கீல், சிபாரிசு என்று வழி சொல்லிக்கொண்டே போனால் கர்த்தரை நம்புவது எங்கே? ‘அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்’ என்று ஏசாயா 30:15 சொல்லுதே. யாத்திராகமம் 14:14 ‘நீங்கள் சும்மாயிருப்பீர்கள்’ என்கிறது.

ஊத்துக்குளி நர்ஸ்:

கோபமில்லை தம்பி, நல்ல வசனங்கள்தான். அதே ஏசாயாதான் எசேக்கியா ராஜா சாகக் கிடந்தபோது அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் வைக்கச் சொன்னார் (38:21). பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுக்கிறேன் என்று கர்த்தர் சொன்ன பிறகு இந்த வைத்தியம்.

தாராபுரத்து வாத்தியார்:

அந்தியூர் தம்பி கேட்டது நியாயமான கேள்வி, குழுவிலும் வரும். ஏசாயா 30 எகிப்தோடு உடன்படிக்கை செய்து குதிரைகளை நம்பி ஓடுகிறவர்களுக்குச் சொல்லப்பட்டது. கர்த்தரிடம் கேட்காமல் போனார்கள் என்பதுதான் குற்றம் (30:2). அதே காலத்து எசேக்கியா மலையைக் குடைந்து கீகோன் ஊற்றுத் தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவந்தான் (2 நாளாகமம் 32:30). அந்தச் சுரங்கம் இன்றும் எருசலேமில் இருக்கிறது, 533 மீட்டர். அதை அவிசுவாசம் என்று வேதம் சொல்லவில்லை.

யாத்திராகமம் 14:14-க்கு அடுத்த வசனத்தை வாசிங்க. ‘என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள்.’ சும்மாயிரு என்ற வசனமும் நட என்ற வசனமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்கு. எந்த வேளைக்கு எது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ளணும். 2 சாமுவேல் 5 இதற்கு நல்ல இடம். அதே பெலிஸ்தர், அதே ரெப்பாயீம் பள்ளத்தாக்கு. முதல் தடவை ‘போ’ என்று பதில் (5:19). இரண்டாம் தடவை நேராகப் போகாதே, பின்னால் சுற்றிப் போய், முசுக்கட்டைச் செடிகளின் நுனியில் இரைச்சல் கேட்கும்வரை பொறு என்று பதில் (5:23-24). போன தடவை ஜெயித்த முறையையே தாவீது திரும்பச் செய்திருந்தால் கீழ்ப்படியாமை ஆகியிருக்கும்.

ஆனால் தம்பி சொல்வதில் ஒரு எச்சரிக்கை இருக்கு, அதை நாமும் ஏற்றுக்கொள்ளணும். முயற்சி எல்லாம் செய்துவிட்டுக் கடைசியில் பேருக்கு ஜெபிப்பது கேட்பதாகாது. எரேமியா 42-இல் ஜனங்கள் ‘நன்மையானாலும் தீமையானாலும் கேட்போம்’ என்று சத்தியம் பண்ணினார்கள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது (42:7). ஏற்க மறுத்தார்கள், ஏனென்றால் எகிப்துக்குப் போக அவர்கள் ஏற்கெனவே கிளம்பிவிட்டிருந்தார்கள் (41:17). பத்து நாள் எரேமியாவே பதிலுக்காகக் காத்திருந்தான் என்பதைக் கவனிங்க.

அந்தியூர்:

சரிங்க ஐயா. 14:15-ஐச் சேர்த்து வாசிச்சால் வேற மாதிரி இருக்கு. யோசிக்கிறேன்.

கோர்ட்டு வீதி:

வழக்கு, கடன் உள்ளவர்களுக்குச் சுருக்கமாக. கர்த்தருடைய வேளைக்குக் காத்திருக்கலாம், கோர்ட்டுக் கெடு காத்திருக்காது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்புக்குமேல் மாவட்ட அளவில் மேல்முறையீடு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். சான்றிட்ட நகல் வாங்க ஆகும் நாட்கள் கழிக்கப்படும், அதனால் தீர்ப்பு வந்த உடனே நகலுக்கு மனுப்போடணும். புரோநோட்டுக்கு மூணு வருஷக் கெடு. அதற்குள் பணம் கட்டி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து மறுபடி மூணு வருஷம் ஓடும் என்பதைக் கடன் வாங்கினவரும் தெரிந்துகொள்ளணும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கு. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்கு இயேசு சொன்ன உவமை எது என்று பாருங்க (லூக்கா 18). நியாயாதிபதியிடம் நடையாய் நடந்த ஒரு விதவை.

பெருந்துறை:

வரன் விஷயத்தையும் ஒளிக்காமல் பேசணும் அண்ணா. பெண்ணுக்கு வயது ஏறிக்கொண்டே போகும். ‘கர்த்தருடைய வேளை வரலை’ என்பார்கள். விசாரித்தால், நல்ல விசுவாசிப் பையன் வந்தான், சாதி ஒத்து வரவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். அல்லது மாப்பிள்ளை வீட்டில் இத்தனை பவுன் என்று கேட்டிருப்பார்கள், வரதட்சணை 1961 முதல் குற்றம் என்றாலும். வேளையைத் தாமதப்படுத்துவது மனுஷர். அந்தப் பழியைக் கர்த்தர்மேல் போடுவது பெரிய அநியாயம். அந்தப் பெண் சபையில் உட்கார்ந்து ‘ஏன் ஆண்டவரே’ என்று கேட்கும்போது, பதில் அவளுடைய வீட்டுத் திண்ணையிலேயே இருக்கு. இதைப் பெற்றோரிடம் தனியாகவும் சொல்லணும், ஆயரும் பாஸ்டரும் மேடையிலும் சொல்லணும்.

நொய்யல்கரை:

அக்கா, பெற்றோர் இருக்கிற குழுவில் இதைச் சொல்ல நிறைய தைரியம் வேணும். ஆனாலும் சொல்றேன்.

வீட்டு வேலைக்கு ஜெப நோட்டு எழுதச் சொல்லலாமா? எப்படி எழுதச் சொல்வது?

கருமத்தம்பட்டி:

சொல்லலாம். நாற்பது பக்க நோட்டு போதும். இடப்பக்கம் தேதியும் மன்றாட்டும், ஒரே வாக்கியத்தில். வலப்பக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள்: இந்த வாரம் என் கையில் இருப்பது, என் கையில் இல்லாதது. கையில் இருப்பது ஒரு செயலாக இருக்க வேண்டும். ‘நம்பிக்கையோடு இருப்பேன்’ என்பது செயல் அல்ல. ‘செவ்வாய்க்கிழமை நகலுக்கு மனுப்போடுவேன்’ என்பது செயல். பதில் கிடைக்க வேண்டிய தேதி என்று ஒரு கட்டம் போடவே போடாதீர்கள். அது மெல்ல மெல்லக் கெடுவாக மாறி, அந்த நாள் கடந்ததும் செபமும் நின்றுவிடும்.

மாதம் ஒருமுறை பின்னோக்கிப் புரட்டச் சொல்லுங்கள். மன்றாட்டே மாறியிருக்கும். முதலில் ‘இந்த வேலை வேண்டும்’ என்று எழுதியவர், பிறகு ‘எனக்கு எது ஏற்றதோ அது’ என்று எழுதியிருப்பார். சிலருக்கு மாறியிருக்காது, அதுவும் சரிதான். நவநாள் செபிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: ஒன்பது நாள் என்ற வழக்கம், ஆண்டவர் விண்ணேற்றமடைந்தபின் தூய ஆவிக்காகத் திருத்தூதர்கள் கூடிச் செபித்த நாட்களை ஒட்டி வந்தது. நாளின் எண்ணிக்கை நிறைவேறினால் பதில் வந்தே தீரும் என்ற கணக்கு அதில் இல்லை.

கோபி சபை ஊழியன்:

குழு நடத்தும்போது ஒரு சங்கடம் வரும், முன்கூட்டியே யோசித்துக்கோங்க. ஒருத்தர் எழுந்து ‘பத்து வருஷம் காத்திருந்தேன், கர்த்தர் கொடுத்தார்’ என்று சாட்சி சொல்வார். கைதட்டுவாங்க. பதினைந்து வருஷமாகக் காத்திருக்கிறவர் பக்கத்தில் இருப்பார். சாட்சியைத் தடுக்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு முதலில் வேண்டுதல்கள், பிறகு சாட்சி, மறுபடி வேண்டுதல்கள் என்று வரிசையை வையுங்க. சாட்சியோடு கூட்டத்தை முடிக்காதீங்க. அழுகிறவருக்குப் பதில் சொல்ல அவசரப்படவும் வேண்டாம். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்தார்கள் (2:13). வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

நொய்யல்கரை:

கடைசி வாரம் ஒன்றுதான் பாக்கி. கேட்டது இந்த ஜென்மத்தில் கிடைக்காமலே போகிறவர்களுக்கு என்ன சொல்வது? விசுவாசத்தால் நற்சாட்சி பெற்றும் வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமல் போனவர்களைச் சொல்லும் எபிரெயர் 11:39-ஐ எடுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒரு வசனத்தை வைத்து ஒரு மணி நேரம் ஓடுமா, பயமா இருக்கு.

தாராபுரத்து வாத்தியார்:

எபிரெயர் 11:39-ஐத் தொடக்கத்தில் வாசித்துவிட்டு, எரேமியா 32-க்குப் போங்க. நகரம் முற்றுகையில் இருக்கு, எரேமியா காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கான். எழுபது வருஷம் என்று சொன்னவனே அவன்தான், திரும்பிவருவதைத் தான் பார்க்கப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அவனுடைய சொந்த ஊரான ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கச் சொல்கிறார் கர்த்தர். 9ஆம் வசனத்திலிருந்து 14 வரை வரி வரியாக வாசிக்கச் சொல்லுங்க. பணத்தைத் தராசில் நிறுக்கிறான், பத்திரம் எழுதுகிறான், சாட்சிக் கையெழுத்து வாங்குகிறான், முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என இரண்டு பத்திரத்தையும் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறான், அநேக நாள் இருக்கும்படி. பத்திரப்பதிவு ஆபீஸ் ஏறி இறங்கினவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதன்பிறகு 16 முதல் 25. எல்லாம் முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறான். அந்த ஜெபத்தின் கடைசி வரி கிட்டத்தட்ட ஒரு கேள்விதான்: நகரம் கல்தேயர் (பாபிலோனியர்) கையில் போகிறது, நீர் நிலத்தை வாங்கு என்கிறீரே. புரிந்த பிறகு கீழ்ப்படியவில்லை, கீழ்ப்படிந்துவிட்டுக் கேட்டான். கேட்டதற்காகக் கர்த்தர் கடிந்துகொள்ளவும் இல்லை.

குழுவிடம் ஒரே கேள்வி வையுங்க: பலனை நான் பார்க்காமல் போனாலும் செய்ய வேண்டிய காரியம் என்று எனக்கு எது இருக்கு? பிள்ளை இல்லாதவர்கள் அண்ணன் பிள்ளையைப் படிக்க வைப்பதாக இருக்கலாம், சபைக்குக் கிணறு வெட்டுவதாக இருக்கலாம், பங்காளியோடு பேச்சை மறுபடி தொடங்குவதாக இருக்கலாம். நோட்டில் எழுதிக்கொள்ளட்டும், சத்தமாகச் சொல்ல வேண்டியதில்லை. நாலாவது வாரத்துக்கு வேறெதுவும் சேர்க்காதீங்க தம்பி, இந்த ஒரு அதிகாரத்துக்கே ஒரு மணி நேரம் பத்தாது.